மூலத்தில் இல்லாத காட்சிகள்

மகாபாரதத்தையோ ராமாயணத்தையோ யாராவது புதிதாக எழுதினால் முதலில் கிளம்பும் புகார் ஒன்றுதான்: "மூலத்தில் இப்படி இல்லையே." சொல்பவர்களில் பெரும்பாலோர் மூலத்தைப் படித்தவர்கள் அல்லர். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஒரு லட்சம் சுலோகம் என்று மரபு கணக்குச் சொல்லும் நூலை எத்தனை பேரால் படித்து முடிக்க முடியும்? ஆனால் அவர்கள் மனத்தில் மூலம் என்ற பெயரில் பதிந்திருப்பது எது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பர்ணசாலையைச் சுற்றி லட்சுமணன் கோடு கிழித்தது வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீருக்குள் விழுந்தபோது "குருடன் மகன் குருடன்" என்று திரௌபதி ஏளனம் செய்தது வியாசர் எழுதியதல்ல. 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் வந்த பி. ஆர். சோப்ராவின் தொடரைப் பார்த்தவர்களுக்கு அது வேதவாக்கு. பானுமதியின் மேகலை அறுந்து மணிகள் சிதற, துரியோதனன் உள்ளே வந்து "எடுக்கவோ கோக்கவோ" என்று கேட்கும் இடம் வில்லிபுத்தூரார் நமக்குத் தந்தது. 1964-இல் வந்த 'கர்ணன்' படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது.

ஆக, இன்றைய எழுத்தாளர் கைவைப்பது கைபடாத ஒன்றில் அல்ல. ஏற்கெனவே பலமுறை மாற்றப்பட்ட கதையைத்தான் அவரும் மாற்றுகிறார். மாற்றினாரா இல்லையா என்று கேட்பதில் பயனில்லை. அந்த மாற்றம் எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டால்தான் ஒரு மறுகூறல் நல்லதா, வெறும் வித்தையா என்று தெரியவரும்.

மூலம் என்று ஒன்று உண்டா என்ற கேள்விக்கு விடை தேட ஒரு தலைமுறையே உழைத்திருக்கிறது. புனேயிலுள்ள பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கிய மகாபாரதச் செம்பதிப்பு வேலை 1966-இல்தான் முடிந்தது. நாடு முழுவதிலிருந்தும் திரட்டிய 1,259 சுவடிகளை ஒப்பிட்டார்கள். வி. எஸ். சுக்தங்கர் வகுத்த நெறிப்படி, பெரும்பாலான சுவடி மரபுகளுக்குப் பொதுவானதை மேலே வைத்து, பிற்சேர்க்கை என்று பட்டதை அடிக்குறிப்புக்கும் பின்னிணைப்புக்கும் தள்ளினார்கள். அப்படித் தள்ளப்பட்டவற்றைப் பார்த்தால் நம் மகாபாரதத்தில் பாதி கீழே கிடக்கும். வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் எழுதியது அங்கே போய்விட்டது. "சூதன் மகனை வரிக்கமாட்டேன்" என்று சுயம்வரத்தில் திரௌபதி கர்ணனை மறுத்ததும் போய்விட்டது. துகில் உரியும் இடத்தில் அவள் கிருஷ்ணனைக் கூவி அழைப்பதும் அப்படியே. செம்பதிப்பில் துணி இழுக்க இழுக்க வேறொரு துணி வந்துகொண்டே இருக்கிறது. யார் தந்தார்கள் என்ற பேச்சே இல்லை.

இதே பதிப்பில் மிஞ்சியிருக்கும் சின்னச் சின்ன இடங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அந்த மண்டபத்தில் துரியோதனன் தடுமாறியபோது சிரித்தவர்கள் பீமனும் மற்றத் தம்பிகளும் பணியாட்களும் என்று கதைசொல்லி சொல்கிறார். திரௌபதியின் பெயர் அங்கே கிடையாது. ஊர் திரும்பிய துரியோதனன் தகப்பனிடம் முறையிடும்போது, கிருஷ்ணன் சிரித்தான், திரௌபதியும் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்று சேர்த்துச் சொல்கிறான். உண்மையிலேயே சிரித்தாளா, அவமானத்தில் வெந்தவனுக்கு அப்படித் தோன்றியதா, சூதாட்டத்துக்கு அனுமதி வாங்க அப்பனைக் கிளப்பிவிடச் சொன்னதா? நூல் வாய்திறக்கவில்லை. நாவலாசிரியருக்கு இந்த ஒரு இடைவெளி போதும்.

காவியத்தில் இப்படி விரிசல்கள் நிறைய. பழைய கவிகள் அவற்றைக் கண்டபோது பெரும்பாலும் பூசி மெழுகினார்கள். இன்றைய எழுத்தாளர்கள் விரலை விட்டுப் பெரிதாக்குகிறார்கள். இருவரும் செய்வது மாற்றம்தான். கை போகும் திசை வேறு.

கம்பனை எடுத்துக்கொள்வோம். வால்மீகியின் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிக்கொண்டு போகிறான். கம்பனின் ராவணன் அவளைத் தீண்டுவதில்லை. பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்தெடுக்கிறான். பிறன் கை பட்டவள் என்ற பேச்சுக்கே இடம் வரக்கூடாது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞருக்குத் தோன்றியிருக்கிறது. மிதிலையில் "அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்" என்று திருமணத்துக்கு முன்பே ஒரு பார்வை பரிமாற்றம் வைத்ததும் அவர்தான். வால்மீகியின் திருமணத்தில் தமிழ் அகமரபுக்கு ஒரு குறை இருந்தது, நிரப்பிவிட்டார். விபீடணன் வாய்வழியாக இரணியன் கதையை முழுப் படலமாகச் சேர்த்தார். இவ்வளவு துணிச்சல் இன்றைய மறுகூறல்காரர் எவருக்கும் கிடையாது என்பேன். ஆனால் கம்பன் எங்கே கைவைத்தாலும் பாத்திரத்தின் மேன்மை கூடுகிறது. மாற்றத்தின் திசை அது.

வில்லிபுத்தூராரின் கர்ணனும் அப்படித்தான் உருவானான். குந்தியிடம் செஞ்சோற்றுக் கடன் பேசுகிறவன், சாகும் தறுவாயில் அந்தணர் வேடத்தில் வந்த கண்ணனுக்குத் தான் செய்த புண்ணியத்தையும் தானம் செய்கிறவன். வியாசரின் கர்ணன் வேறு ஆள். அவையில் திரௌபதியைப் பரத்தை என்று சொன்னதும், துகிலை உரியும்படி துச்சாதனனுக்குச் சொன்னதும் அவன்தான். துரியோதனன்கூட அவ்வளவு தூரம் பேசவில்லை. தமிழ் வாசகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். மூலத்தில் இல்லாததற்கு வரும் கோபத்தைவிட மூலத்தில் இருப்பதற்கு வரும் கோபம் நம்மூரில் அதிகம்.

ஏட்டுக்கு வெளியேயும் கதை தன்போக்கில் நடந்தது. வியாசரில் அர்ஜுனன் மகன் இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் சாகிறான், அவ்வளவுதான். தமிழில் அவன் அரவான் ஆகிக் களப்பலி ஆனான், கூவாகத்தில் தெய்வமானான். வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும்போது பகலில் பிரசங்கியார் வில்லியின் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பார், இரவில் கூத்து நடக்கும். பெரிய எழுத்து அச்சுப் புத்தகங்களாகச் சந்தைகளில் விற்ற அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் அர்ஜுனனைத் தமிழ்நாட்டு மருமகன் ஆக்கின. யாரும் "மூலத்தில் இல்லை" என்று கேட்கவில்லை.

நவீன மறுகூறல் என்று நாம் சொல்வது தமிழில் பாரதியிடம் தொடங்குகிறது. 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-இல் வந்தது. எளிய பதம், எளிய நடை, பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு, இவற்றைக் கொண்டு தற்காலத்தில் ஒரு காவியம் செய்து தருபவன் தாய்மொழிக்குப் புதிய உயிர் தருகிறான் என்று முகவுரையில் அவரே சொல்கிறார். கதையில் வியாசரையே தழுவியதாகவும் சொல்கிறார். அது அவையடக்கம் மட்டுமல்ல, உண்மையும்கூட. "எரிதழல் கொண்டு வா" என்று பீமன் தம்பியிடம் சொல்வதைப் பாரதியின் கற்பனை என்று நினைப்பவர்கள் உண்டு. சகாதேவா, தீயைக் கொண்டு வா, அண்ணன் கைகளை எரிக்கிறேன் என்று வியாசரின் பீமனே சொல்கிறான். தன்னைத் தோற்றபின் என்னைப் பணயம் வைக்க அவருக்கு ஏது உரிமை என்ற திரௌபதியின் கேள்வியும் அங்கேயே இருக்கிறது. தர்மம் நுட்பமானது என்று பீஷ்மர் நழுவுகிறார், சபை பதில் சொல்லாமலே கலைகிறது. பாரதி புதிதாகச் செய்தது, அந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் வெட்டியெடுத்துக் காவியமாக்கியது. சபதத்தோடு நிறுத்திக்கொண்டார். சபதம் நிறைவேறும் குருக்ஷேத்திரம் அவருக்குத் தேவைப்படவில்லை. அடிமைப்பட்ட நாட்டில் 1912-இல் அதைப் படித்தவர்களுக்கு ஏன் என்று விளங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்றில் ராஜாஜி. 'கல்கி' இதழில் அவர் எழுதிய 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்' இரண்டும் பள்ளிப் பிள்ளை முதல் பாட்டி வரை படித்தவை. பின்னது 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. வாக்கியம் சின்னது, நீதி தெளிவானது. ஆனால் கர்ப்பிணி சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தரகாண்டத்துக்கு வந்ததும், தம் மனம் இதை ஏற்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். பக்தியும் நேர்மையும் சேர்ந்த ஒதுங்கல் அது; நான் குறைசொல்ல மாட்டேன்.

இன்னொரு பாதையில் புதுமைப்பித்தன். 1943-இல் வந்த 'சாபவிமோசனம்' ராஜாஜி கண்ணை மூடிக்கொண்ட பக்கமாகத்தான் நடந்து போகிறது. ராமன் கால் பட்டுப் பெண்ணான அகலிகை, இலங்கையிலிருந்து திரும்பிய சீதையிடம் தீக்குளித்த செய்தியைக் கேட்கிறாள். அவர் கேட்டாரா, நீ ஏன் செய்தாய் என்று அதிர்ந்துபோய், கடைசியில் மறுபடியும் கல்லாகிறாள். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று முன்குறிப்பிலேயே ஆசிரியர் சொல்லிவிட்டார். பிடிக்காதவர்கள் யுத்த காண்டத்தின் கடைசிச் சருக்கங்களைப் படித்துப் பார்க்கலாம். உனக்காக நான் போரிடவில்லை, லட்சுமணனிடமோ பரதனிடமோ சுக்ரீவனிடமோ விபீடணனிடமோ மனத்தைச் செலுத்திக்கொள் என்று வால்மீகியின் ராமன் சீதையிடம் சொல்கிறான். கம்பனின் மீட்சிப் படலத்து ராமனும் அரக்கன் ஊரில் உண்டு உயிரோடு இருந்ததைக் குத்திக்காட்டுகிறான். புதுமைப்பித்தன் ஒரு கடுஞ்சொல்லும் கூட்டவில்லை. அதைக் கேட்க இன்னொரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவளும் அதே வகைக் குற்றச்சாட்டில் கல்லானவள்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் ராமாயணம் அரசியல் மேடைக்கும் வந்தது. பெரியார் பாத்திரங்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். 1943-இல் கம்பராமாயணத்தைப் பற்றி அண்ணாவும் ரா. பி. சேதுப்பிள்ளையும், பிறகு அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியும் மேடையில் வாதிட்டார்கள். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடைசெய்யப்பட்டு, 1971-இல்தான் தடை நீங்கியது. சமூக ஆவணமாக அதன் இடம் பெரியது. காவியமாகப் பார்த்தால் எனக்கு ஒரு குறை தெரிகிறது: நல்லவனும் கெட்டவனும் இடம் மாறிக்கொண்டார்கள், நல்லவன் கெட்டவன் என்ற சட்டகம் அப்படியே இருந்தது. பின்னாளில் ஆங்கிலத்தில் தோற்றவன் பக்கக் கதை என்று வந்த நாவல்களுக்கும் இது பொருந்தும். ராவணனைக் குற்றமற்றவனாக்கியதும் அவன் கதையில் எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நாவலின் வரவுதான் பெரிய திருப்பம். காவியப் பாத்திரம் செய்ததைத்தான் காவியம் சொல்லும், பேசியதைச் சொல்லும்; செய்துவிட்டு இரவில் தூக்கம் வராமல் புரண்டதைப் பெரும்பாலும் சொல்லாது. நாவலுக்கு அதுதான் தொழில். மானுடவியலாளரான ஐராவதி கார்வே 1967-இல் மராத்தியில் எழுதிய 'யுகாந்தா' நாவலல்ல, கட்டுரைத் தொகுப்பு. ஆனால் பிறகு வந்த நாவல்கள் பலவற்றுக்கு வழி திறந்தது. காண்டவ வனத்தைக் கிருஷ்ணனும் அர்ஜுனனும் எரித்தது தீரச்செயலா என்று அவர் கேட்கிறார். தப்பி ஓடப் பார்த்த உயிர்களையும் விடாமல் கொன்ற நிகழ்ச்சி அது. அங்கே பிழைத்தவர்களில் ஒருவன்தான் மயன், அவன் கட்டியதுதான் அந்த மண்டபம். மண்டபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அடியில் கிடக்கும் சாம்பலை மறந்துவிடுகிறார்கள்.

எஸ். எல். பைரப்பாவின் 'பர்வா' (1979), தமிழில் பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'பருவம்', அற்புதங்களை முழுவதுமாகக் கழித்துவிடுகிறது. தேவர்கள் இமயமலைப் பகுதியில் வாழும் ஒரு மக்கள் கூட்டம். பாண்டவர்களின் தகப்பன்மார் அவர்களிலிருந்து வந்தவர்கள். போர் என்றால் சோறு, மலம், பிணநாற்றம், கைம்பெண்கள். படித்து முடித்ததும் கை கழுவத் தோன்றும். அது பாராட்டுத்தான். ஆனாலும் தெய்வத்தை முழுக்கக் கழித்துவிட்டால் அந்த மனிதர்கள் ஏன் அப்படி நம்பினார்கள் என்பதும் சேர்ந்து போய்விடுகிறது. அந்த இழப்பைப் பர்வா முழுதாக ஈடுகட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

எம். டி. வாசுதேவன் நாயர் 1984-இல் மலையாளத்தில் எழுதிய 'இரண்டாமூழம்' (தமிழில் 'இரண்டாம் இடம்') மூலத்தைத் தொட்டுத் தொட்டு நடக்கிறது. வியாசர் விட்டுச்சென்ற மௌனங்களை நிரப்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். பீமனின் மகன் கடோத்கசன் சாகும் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டவர் பாசறையே அழுகிறது. கிருஷ்ணன் மட்டும் மகிழ்ந்து கூத்தாடுகிறான். கர்ணனிடமிருந்த இந்திரன் தந்த சக்தி ஆயுதம் தீர்ந்துவிட்டது, அர்ஜுனன் பிழைத்தான் என்று விளக்கமும் சொல்கிறான். கடோத்கசன் இன்று சாகாவிட்டால் பின்னால் நானே கொல்லவேண்டியிருந்திருக்கும் என்கிறான். இத்தனையும் துரோண பர்வத்திலேயே உண்டு. அப்போது அந்தத் தகப்பன் என்ன நினைத்தான் என்பதை வியாசர் விரிக்கவில்லை. எம். டி. அந்த இடத்தில் பீமனை நிறுத்திக் கேட்கவைக்கிறார். கடைசிப் பயணத்தில் திரௌபதி விழும்போதும் அப்படித்தான். மூலத்தில் யுதிஷ்டிரன், அவள் அர்ஜுனனிடம் மட்டும் தனிப் பற்று வைத்தாள் என்று காரணம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்கிறான். நாவலில் பீமன் நின்று திரும்புகிறான். மாற்றம் ஒரு அடிதான், ஆனால் அதுவரை நடந்த கதை முழுவதும் வேறாகிவிடுகிறது.

தமிழில் இந்த வகை வேலையை வெகு முன்பே செய்தவர் எம். வி. வெங்கட்ராம். 'நித்திய கன்னி' உத்யோக பர்வத்தில் ஒரு மூலையில் கிடக்கும் மாதவியின் கதை. விசுவாமித்திரர் கேட்ட குருதட்சிணை, ஒரு காது கறுத்த எண்ணூறு வெள்ளைக் குதிரைகள். கொடுக்க வழியில்லாத சீடன் காலவனுக்கு யயாதி தன் மகளைக் கொடுக்கிறான். மூன்று அரசர்கள் இருநூறு இருநூறு குதிரைக்கு ஆளுக்கொரு பிள்ளை பெற்றுக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். மிச்சத்துக்கு ஈடாக விசுவாமித்திரரே அவளை வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் கன்னியாகிவிடும் வரம் அவளுக்கு உண்டு. வரமாம்! எல்லாம் முடிந்து யயாதி அவளுக்குச் சுயம்வரம் வைத்தபோது அவள் தேர்ந்தெடுத்தது காட்டை. அதுவும் மூலத்திலேயே இருக்கிறது. பெண் பார்வையில் புராணத்தை எழுதுவது அண்மைக்கால மோஸ்தர் என்பவர்களுக்கு மாதவியே போதிய பதில். அம்பையின் 'அடவி'யில் காட்டில் சீதை தன் கதையைத் தானே எழுதுகிறாள். தெலுங்கில் வோல்காவின் 'விமுக்தா' சீதையைச் சூர்ப்பணகையோடும் அகலிகையோடும் ரேணுகையோடும் ஊர்மிளையோடும் சந்திக்கவைக்கிறது. காவியத்தில் தனித்தனியே தண்டிக்கப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இரண்டுக்கும் அடியிலுள்ள கேள்வி. புதுமைப்பித்தன் போட்ட கோடு அது.

2010-க்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு பெரும் சந்தை திறந்தது. சிவனை மனித வீரனாக்கிய ஆமிஷின் நாவல்கள் லட்சக்கணக்கில் விற்றன. தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு வந்தன. விறுவிறுப்பு உண்டு. புராணம் அங்கே பின்னணித் திரை, கதை இன்றைய சாகசக் கதை. அதில் தவறில்லை, ஆனால் பாத்திரங்களின் பெயரை மாற்றிவிட்டாலும் கதை ஓடும். மறுகூறலுக்கு அது நல்ல அறிகுறி அல்ல.

ஜெயமோகனின் 'வெண்முரசு' இதற்கெல்லாம் எதிர்த் திசையில் போனது. 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை, நாளொரு அத்தியாயமாக இணையத்தில் வந்து, 26 நாவல்களாக முடிந்தது. பைரப்பா கழித்தார் என்றால் இவர் கூட்டினார்: நாகர் கதை, சூதர் பாடல், நாட்டார் வழக்கு, தத்துவ விவாதம், வியாசர் ஒரே வரியில் கடந்துபோன அரசியர், சேடியர், சமையற்காரர் எல்லாரும் வருகிறார்கள். ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு சூதர்கள் வெவ்வேறாகப் பாடுகிறார்கள். எது நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. வடசொல்லை இயன்றவரை விலக்கிய அதன் நடை முதல் நூறு பக்கம் எவரையும் திணறடிக்கும். பிறகு பழகிவிடும். சில நாவல்கள் இழுக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தினமும் ஒரு பகுதி, படித்ததும் வாசகர் கடிதம், மறுநாள் விளக்கம் என்று அது நடந்த முறை பாரதப் பிரசங்கத்துக்கு நெருக்கமானது.

இவற்றோடு மூலத்தையும் ஒப்பிட்டுப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இன்று வசதி இருக்கிறது. ம. வீ. இராமானுஜாசாரியார் கால் நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டுக் கொண்டுவந்த கும்பகோணம் பதிப்பு முழு மகாபாரதத்தையும் தமிழ் உரைநடையில் தருகிறது. கிசாரி மோகன் கங்குலியின் ஆங்கில ஆக்கத்திலிருந்து செ. அருட்செல்வப்பேரரசன் செய்த முழுத் தமிழாக்கம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் பர்வத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலோர் நடுவில் விட்டுவிடுவார்கள். பிடித்த ஒரு மறுகூறலை எடுத்து, அதில் உறுத்திய ஒரு காட்சியை மட்டும் அங்கே தேடிப் போவது நடக்கக்கூடிய காரியம். தொடங்குவதற்குச் சபா பர்வம் நல்ல இடம்; பாரதியும் கார்வேயும் பைரப்பாவும் அந்தச் சபைக்குள் போய்வந்தவர்கள்தாம்.